கிளீனர் சீட்டில் படித்த டிகிரி

என் மனைவி பிரெஞ்சு டீச்சர். நான் தண்ணி லாரி டிரைவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு, "லவ் மேரேஜா?" என்பார்கள். இல்லை. பெரியவர்கள் பார்த்து வைத்ததுதான். கல்யாணத்தின்போது அவள் டீச்சர் இல்லை. நான் அப்போதும் டிரைவர்தான்.

நான் எட்டாவது முடிக்கவில்லை. அவள் பன்னிரண்டாவது பாஸ். பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா இதைத்தான் முதலில் சொன்னார். குறையைச் சொல்வது மாதிரி சொன்னார். "படிச்ச பொண்ணு மாப்ளே. அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்." பண்ணிக்கொண்டேன்.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு லைன் வீட்டில் இருந்தோம். எல்லா வீட்டுக்கும் ஒரே கூரை, நடுவில் அரைச் செங்கல் சுவர். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும். பிள்ளை இல்லை. டாக்டரிடம் போனோம். அப்புறம் போகவில்லை.

அவளுக்கு மேடவாக்கம் பக்கம் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டர் வேலை. மூன்றாவது மாடி அவள் பொறுப்பு. வகுப்பு வகுப்பாக ரிஜிஸ்தர் கொண்டுபோவாள். சாக்பீஸ் கொடுப்பாள். வாந்தி எடுத்த பிள்ளையைக் கீழே கூட்டிக்கொண்டு போவாள். மற்ற நேரம் வராந்தாவில் ஒரு ஸ்டூல். ஸ்டூலுக்கு எதிரே பிரெஞ்சு கிளாஸ்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்தி, சமஸ்கிருதம், பிரெஞ்சு மூன்றில் ஒன்று எடுக்கலாம். புதிதாக எழும்பிய ஃபிளாட்டுகளில் இருந்து வரும் பிள்ளைகள் பிரெஞ்சுதான் எடுக்கும். மார்க் வருமாம். ஆனால் பிரெஞ்சு டீச்சர் நிலைக்க மாட்டார். ஒருவர் வருவார், வீட்டுக்காரருக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்கும், போய்விடுவார். இன்னொருவர் வருவார், பிள்ளை பெறப் போய்த் திரும்ப மாட்டார். அடுத்தவர் வரும்வரை அந்த வகுப்பில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள என் மனைவியை உட்கார வைப்பார்கள்.

அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது போர்டில் அன்றைய கிழமையையும் தேதியையும் பிரெஞ்சில் எழுதிவிட்டாள். வாசலில் பிரின்சிபால் நின்றிருக்கிறார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டுட்டே இருப்பேன் மேடம். ஸ்டூல் எதிர்லதானே இருக்கு."

"டிகிரி இருந்தா உங்களையே போட்டுடலாம் போல இருக்கே" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

விளையாட்டுக்குச் சொன்னாரா என்று தெரியாது. இவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நான் மேல படிக்கட்டா?"

"இன்னா படிப்பு?"

"பிரெஞ்சு."

"அது எந்த ஊர்ல பேசறாங்க?"

"பிரான்ஸ்ல. பாண்டிச்சேரில கூட கொஞ்சம் பேர் பேசுவாங்க."

"பாண்டிச்சேரின்னா சரி" என்றேன். பக்கம்தான். லோடு போயிருக்கிறேன்.

முதலில் ஒரு சர்டிபிகேட் படிப்பு முடித்தாள். பிறகு பல்கலைக்கழகத்தில் கரஸ்பாண்டன்ஸில் டிகிரிக்குச் சேர்ந்தாள். தபாலில் புத்தகம் வரும். லீவு நாட்களில் தாம்பரத்தில் இருந்து எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்து கிளாசுக்குப் போவாள். எழுதிப் பார்ப்பது வீட்டில் நடந்தது. வாய்விட்டுப் படிப்பது நடக்கவில்லை. அதற்குக் காரணம் அந்த அரைச் செங்கல் சுவர்.

பிரெஞ்சில் சில எழுத்து தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும். கபத்தைக் காறுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் காலையில் அவள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அக்கா குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல? அந்தக் காறு காறறாங்க?"

"யாருக்கும் இல்லக்கா. படிக்கறேன்."

"படிக்கறியா! நான் உன் வூட்டுக்காரருக்குத்தான் ஏதோ ஆயிடுச்சின்னு கஷாயம் வச்சிக்கினு கீறேன்."

லைன் முழுக்கச் சிரித்தது. கஷாயமும் வந்தது. நான் குடித்தேன். அதோடு அவள் வீட்டில் வாய்விட்டுப் படிப்பதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் லாரி பழைய லாரி. இன்ஜின் கேபினுக்குள்ளேயே, டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில், மூடிபோட்டு உட்கார்ந்திருக்கும். தொடை வேகும். பக்கத்தில் இருப்பவனிடம் நேரம் கேட்க வேண்டுமானால்கூடக் கத்த வேண்டும். எனக்குக் கிளீனர் இல்லை. வைத்துப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். ஒத்துவரவில்லை. தனியாகவே ஓட்டினேன்.

முதலாளி லாரியை எங்கள் வீட்டுப் பக்கத்து காலி மனையில் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். காலையில் எடுத்தால் ரயில்வே கேட்டைத் தாண்டி, கேம்ப் ரோடு வழியாக அகரம்தென் பக்கம் ஒரு கிணற்றுக்குப் போவேன். அங்கே தண்ணி பிடித்துக்கொண்டு வேங்கைவாசல் வழியாக மேடவாக்கம். முதல் லோடு எப்போதும் மேடவாக்கம் ஃபிளாட்டுகளுக்குத்தான். அவள் பள்ளிக்கூடமும் அங்கேதான். அதனால் கிளீனர் சீட்டில் ஒரு துண்டை விரித்து அவளை ஏற்றிக்கொண்டு போவேன். பள்ளிக்கூடத்துக்கு முந்தின முக்கில் இறங்கிக்கொள்வாள். கேட்டு வரைக்கும் வர மாட்டாள். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

கஷாயம் வந்த மறுநாள் லாரியில் ஏறினதும் பையில் இருந்து புத்தகத்தை எடுத்தாள். இன்ஜினை ஸ்டார்ட் செய்தேன். அவளும் ஸ்டார்ட் செய்தாள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். இன்ஜினுக்கு மேலே கத்திப் படிப்பாள். இரண்டு ஆள் பேசுகிற பாடமென்றால் ஒரு ஆளுக்குச் சாலையைப் பார்ப்பாள், இன்னொரு ஆளுக்கு என்னைப் பார்ப்பாள். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை.

எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் சத்தம் பழகிவிட்டது. சேலையூர் ஏரி வரும்போது எந்தப் பாடம் என்று சத்தத்தை வைத்துத் தெரியும். பாடம் புதிதென்றால் இழுத்து இழுத்துப் படிப்பாள், வேங்கைவாசல் வந்தும் முடியாது. பழைய பாடமென்றால் கேம்ப் ரோடு திரும்புவதற்குள் முடிந்துவிடும். எந்தப் பாடம் அவளுக்குப் பிடிக்கும், எது பிடிக்காது என்பதும் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் பாடம் ஒன்று இருந்தது. அது பிடிக்கும். அதை அடிக்கடி கேட்டிருக்கிறேன்.

எழுதுகிற பரீட்சை எல்லாம் பாஸ் செய்துகொண்டே வந்தாள். மார்க் அதிகம் இல்லை, குறைவும் இல்லை. கடைசி வருடம் பேச்சுப் பரீட்சை வந்தது. ஒரு ரூமில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பிரெஞ்சில் கேட்பார்கள். இவள் பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டும்.

போனாள். சாயங்காலம் வந்து புடவையை மடித்துவைத்தாள். அடுப்பைப் பற்றவைத்தாள். நான் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு அவளே சொன்னாள்.

"வாய் வரல."

"மறந்துபோச்சா?"

"மறக்கல. எல்லாம் மனசுல இருந்துச்சு. ஏ.சி. ரூமு. கதவைச் சாத்திட்டாங்க. ஒரு சத்தமும் இல்ல. போன்ஜூர்னு சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டுச்சு. அவ்ளோதான். அதுக்கு மேல வரல."

அந்த ஒரு பேப்பர் அரியர் விழுந்தது. டிகிரி நின்றுவிட்டது.

அந்த வருடம்தான் அப்போதிருந்த பிரெஞ்சு டீச்சரும் கிளம்புவதாகச் சொன்னார். பிரின்சிபால் என் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஆள் வேண்டும், அதற்குள் டிகிரி முடித்தால் வேலை உனக்கு, பி.எட். பிறகு முடித்துக்கொள்ளலாம், முடிக்காவிட்டால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துவிடுவோம் என்றாராம். முகத்துக்கு நேரே சொன்னது நல்லதுதான். ஜூனுக்கு முன்னால் இன்னொரு பேச்சுப் பரீட்சை இருந்தது. ஒன்றுதான் இருந்தது.

அவள் படிப்பது நிற்கவில்லை. லாரியில் முன்னைவிட அதிகமாகக் கத்தினாள்.

ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. நேரமாகும் என்று இன்ஜினை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். பாதி வாக்கியத்தில். கேட் திறந்தது, இன்ஜின் ஓடியது, விட்ட இடத்தில் இருந்து படித்தாள். எத்தனையோ நாளாக அப்படித்தான் நடந்திருக்கும். எனக்கு அன்றைக்குத்தான் பட்டது.

மறுநாளும் கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினேன். நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட?"

"நீங்கதானே நிறுத்தினீங்க."

"நான் இன்ஜினை நிறுத்தனேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு ரூம்லயும் இதேதான்" என்றாள்.

"இப்போ படி."

வாயைத் திறந்தாள். சுற்றிலும் சைக்கிள், ஸ்கூட்டர், நடந்துவந்த கூட்டம். எல்லோரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"வரலங்க."

அதற்கப்புறம் கேட் மூடும்போதெல்லாம் இன்ஜினை நிறுத்தினேன். சீக்கிரம் திறக்கும் என்று தெரிந்தாலும் நிறுத்தினேன். அவள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். நானும் சும்மா இருப்பேன். திட்டவும் தெரியாது, தேற்றவும் தெரியாது. ரயில் போகும். கேட் திறக்கும். இப்படியே பொங்கல் வந்து போனது.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயலுக்கு நடுவில் பெரிய கிணறு. ஓரத்தில் மோட்டார் கொட்டகை. மேலே லாரி நிற்க இடம் பற்றாது. ஒரு நேரத்தில் ஒரு லாரிதான் குழாய்க்குக் கீழே வரலாம். மற்ற லாரிகள் ரோட்டோரம் கிடைத்த இடத்தில் நிற்கும். அதனால் வரிசைக்கு லாரி கணக்கில்லை. மூடிதான் கணக்கு. ஒவ்வொரு டேங்க் மேலேயும் ஒரு தகர மூடி இருக்கும், கழன்று வரும். கிணற்றுக்கு வந்ததும் டேங்க் மேல் ஏறி மூடியை எடுத்துவந்து கொட்டகை முன்னால் தரையில் வரிசையாக வைத்துவிட வேண்டும். மூடி இருக்கும் இடம்தான் அந்த லாரியின் இடம். அப்புறம் டீ குடிக்கப் போகலாம். மரத்தடியில் படுத்துத் தூங்கலாம். அடுத்தவன் மூடியை யாரும் தொட மாட்டார்கள். எழுதிவைத்த சட்டம் இல்லை. அடிதடி நடந்து நடந்து வந்த சட்டம்.

அன்று நாங்கள் போனபோது கரண்ட் இல்லை. மோட்டார் நின்றிருந்தது. மூடிகள் வரிசையாக இருந்தன. எங்களுடையதையும் வைத்தேன். டிரைவர்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளி டீக்கடையில் இருந்தார்கள். நான் லாரிக்கு அடியில் படுத்து ஒரு ஸ்பிரிங் பட்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கிளீனர் சீட்டில் புத்தகத்தோடு இருந்தாள். காற்றுகூட இல்லை.

புதிதாக ஒரு டிரைவர் சில நாளாக வந்துகொண்டிருந்தான். வேறு ஏரியாக்காரன். அவன் மூடியோடு வந்தான். சுற்றிப் பார்த்தான். யாரும் இல்லை என்று நினைத்தான். எங்கள் மூடியைக் காலால் பின்னால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தன் மூடியை வைத்தான்.

இது எதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தலைக்கு மேலே திடீரென்று வந்த சத்தம்தான். என் மனைவியின் சத்தம். பிரெஞ்சில்.

அடியில் இருந்து உருண்டு வெளியே வந்தேன். அவள் ஜன்னலில் இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. நிறுத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலில் இருந்து சொன்னாள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து நின்றார்கள். அந்தப் புதியவன் அசையவில்லை. பிறகு குனிந்து தன் மூடியை எடுத்தான். எங்கள் மூடியைக் கையால் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான். துண்டால் துடைத்தும் வைத்தான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

டீக்கடையில் இருந்து முதலில் வந்தவன் கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரன். கடலுக்குப் போவதை விட்டுவிட்டு லாரிக்கு வந்தவன். என் சிநேகிதன் என்று சொல்லலாம்.

"மச்சான், அண்ணி இன்னா திட்டு திட்டனாங்க! எங்க குப்பத்துல மீன் விக்கற பொம்பளைங்ககூட இந்தத் திட்டு திட்ட மாட்டாங்க. எந்த பாஷ அது?"

"பிரெஞ்சு."

"அதுல இவ்ளோ கெட்ட வார்த்த கீதா?"

புதியவன் என்னிடம் வந்தான். "அண்ணா, ராங்குதான். ஒத்துக்கறேன். அதுக்காக அம்மாவெல்லாம் இழுத்துத் திட்டறது நல்லால்லணா."

"அம்மாவ இழுத்தாங்கன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் குப்பத்துக்காரன்.

"பாஷ தெரியாது. ஆனா அந்த மாதிரி கத்தனா வேற இன்னாவா இருக்கும்?"

"மூடிய கால்ல தொட்டல்ல? அப்போ அம்மா இன்னா, ஆயாவையும் இழுப்பாங்க. போ, போயி டீ சொல்லு எல்லாருக்கும்."

டீ வந்தது. அண்ணிக்கு முதலில் கொடுக்கச் சொன்னார்கள். கரண்டும் வந்தது. தண்ணி பிடித்துக்கொண்டு கிளம்பினோம். வேங்கைவாசல் தாண்டிய பிறகு கேட்டேன்.

"இன்னா சொன்ன அவன்கிட்ட?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "'ஐயா, மன்னிக்கணும். உங்களுக்கு முன்னாடி நான் வந்தேன். தயவுசெஞ்சு வரிசைல நில்லுங்க.' அவ்ளோதான்."

"அவ்ளோதானா?"

"ரயில்வே ஸ்டேஷன் பாடத்துல டிக்கெட் கவுண்டர்ல ஒரு அம்மா சொல்றது. இந்த சீட்ல உக்காந்தா எனக்கு வாயில அதுதான் வருது. நான் தமிழ்லதான் திட்டணும்னு வாயத் தொறந்தேன்."

லாரியை ஓரம் கட்டினேன். சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரித்துப் பழக்கமில்லை. அடங்க நேரமானது. பிறகு சொன்னேன்.

"இன்ஜின் ஓடல."

"எப்போ?"

"நீ கத்தும்போது. கரண்டும் இல்ல. மோட்டாரும் ஓடல. ஊரே கேட்டுச்சு."

முக்கு வந்ததும் இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கேட் மூடியிருந்தது. இன்ஜினை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை. குரல் ஒருமுறை தடுமாறியது. சைக்கிள்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பாடத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

"இன்னாபா, இன்னா ஸ்டேஷன் அது, ரேடியோல?" என்றார் சைக்கிள்காரர்.

"ரேடியோ இல்ல. வூட்டுக்காரி" என்றேன்.

அவர் பெல்லை ஒருமுறை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். மரியாதைக்கா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை.

கிணற்றில் அவளுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. நாங்கள் வந்தால், "அண்ணி, இன்னிக்கு யாருக்குத் திட்டு?" என்பார்கள். குப்பத்துக்காரன் பாடமே கேட்க ஆரம்பித்துவிட்டான். "அண்ணி, வஞ்சிரத்துக்கு இன்னா சொல்வாங்க? சங்கராவுக்கு?" அவள் புத்தகத்தில் ரொட்டியும் வெண்ணெயும்தான் இருந்தன. வஞ்சிரம் இல்லை. பள்ளிக்கூட லைப்ரரியில் தேடிக்கொண்டுவந்து சொன்னாள். அவன் அதை நான்கைந்து முறை சொல்லிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேர்ல வித்தா யாரு வாங்குவா?" என்றான். ஆனால் அவன் கேட்பான், அவள் நின்று பதில் சொல்வாள். மோட்டார் ஓடினாலும் சொல்வாள், நின்றாலும் சொல்வாள். அந்தப் புதியவன் மட்டும் அவள் வாயைத் திறந்தால் ரோட்டுப் பக்கம் போய்விடுவான். உண்மையில் என்ன சொன்னாள் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி மூடியைத் தள்ளுவான்.

பரீட்சை வந்தது. லாரியை அன்று எடுக்கவில்லை. தாம்பரத்தில் இருந்து டிரெயினில் போனோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒன்றும் படிக்கவில்லை. பல்லாவரம், மீனம்பாக்கம் எல்லாம் வந்து போயின. பயமா என்று கேட்டேன். "தெரியல" என்றாள்.

பெரிய கட்டிடம். நீள வராந்தா. பெஞ்சில் பெண்பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவளைவிடச் சின்னவர்கள். தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். இவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டார்கள். போனாள். கதவைச் சாத்தினார்கள். அதே மாதிரி கதவுதான் போல.

நான் சுவரில் சாய்ந்து நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வாசலில் ஸ்டூலில் பியூன் இருந்தார். அவர் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. இந்தத் தடவையும் போயிற்று என்று நினைத்தேன். ஜூனில் பேப்பரில் விளம்பரம் வரும். அவள் மறுபடி ஸ்டூலில் உட்காருவாள். ரிஜிஸ்தர் கொண்டுபோவாள். அது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் எடுத்துவைத்துக்கொண்டேன்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் குரல் கிளம்பியது. கேம்ப் ரோட்டில், கியர் மாற்றும்போது எப்படி வருமோ அப்படி. பெஞ்சில் இருந்த பெண்பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். பியூன் பேப்பரை மடித்தார்.

"உள்ள இன்னாபா, சண்டையா?"

"இல்லண்ணா. பரீட்ச."

"பரீட்சையா? யாரு அது?"

"நம்ம வீட்ல."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், எதிர்ல இருக்கறவங்களுக்குக் காது கேக்காதா?"

குரல் நிற்கவில்லை. நடுவில் யாரோ சிரித்தார்கள். இவள் சிரிப்பு இல்லை. பிறகு மறுபடி குரல். நான் சுவரை விட்டு நகர்ந்து வெயிலில் போய் நின்றேன். அதற்குமேல் கேட்க வேண்டியதில்லை.

அவள் வெளியே வந்தாள். தண்ணி கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னாள்.

"உங்க வாழ்க்கைல தினமும் நடக்கறது ஏதாவது சொல்லுங்கன்னாங்க. கிணத்து வரிசைய சொன்னேன். மூடி வைக்கறது, அவன் தள்ளினது, நான் கத்தினது. மூடிக்கு வார்த்தை தெரியல. டேங்க்கோட தொப்பின்னு சொன்னேன். கேள்வி கேட்ட அம்மா சிரிச்சிட்டாங்க. கூட இருந்த சார், 'மெதுவா பேசுங்க, அவசரமில்ல'ன்னார்."

"நீ இன்னா சொன்ன?"

"மெதுவா பேசினா எனக்கு நின்னுடும் சார்னேன். சரி, அப்படியே பேசுங்கன்னார்."

ஸ்டேஷனுக்கு நடந்தோம்.

ரிசல்ட் வந்தபோது தாம்பரத்தில் ஒரு இன்டர்நெட் கடையில் பார்த்தாள். பாஸ். கடைக்காரப் பையன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். "அந்தக் காறல் படிப்பா? பாஸாயிட்டியா? நல்லாரும்மா" என்று சொல்லி, அன்றைக்குக் கேசரி கொடுத்தனுப்பினார். பிற்பாடு பி.எட்.டும் முடித்தாள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குள் அவளுக்குப் பழகிவிட்டது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் கஞ்சிபோட்ட காட்டன் புடவை கட்டியிருந்தாள். சீட்டில் துவைத்த துண்டை விரித்தேன். கிணற்றில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். குப்பத்துக்காரன் எங்கள் மூடியை எடுத்து முதல் இடத்தில் வைத்தான். யாரும் தடுக்கவில்லை. அந்தப் புதியவன்தான் குழாயைப் பிடித்துக் கொடுத்தான்.

முக்கு வந்தது. வழக்கம்போல பிரேக் போட்டேன். அவள் இறங்கவில்லை.

"கேட்டுக்குப் போங்க" என்றாள்.

போனேன். வாட்ச்மேன் லாரியைப் பார்த்ததும் பெரிய கேட்டைத் திறந்தார்.

"சம்ப்பு பின்பக்கம். அப்படியே ரிவர்ஸ்ல வா."

"உங்களுக்கு லோடு இல்லண்ணா" என்றேன்.

அவர் கிளீனர் சீட்டைப் பார்த்தார். "இன்னாம்மா இது, இன்னிக்கு லாரியில வந்துட்ட?"

"தினமும் லாரிலதான் அண்ணா வரேன். முக்குல எறங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் லாரியை எடுத்தேன்.

அன்றைய லோடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு ஃபிளாட்டுக்கு. தரைக்கு அடியில் இருந்த சம்ப்புத் தொட்டியில் ஓஸ் பைப்பைப் போட்டு வால்வைத் திறந்துவிட்டு இன்ஜினை நிறுத்தினேன். தண்ணி தானாக இறங்கும். மதில் ஓரமாக நிழலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பிறகு மூன்றாவது மாடியில் இருந்து அவள் குரல் வந்தது. ஒரு வரி சொன்னாள். பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து அதைத் திருப்பிச் சொன்னார்கள். அவள் குரலுக்கு அவர்கள் குரல் பற்றவில்லை.

ஃபிளாட்டு வாட்ச்மேன் காதைச் சொறிந்தார்.

"புதுசா ஒரு டீச்சரு வந்துக்கீறாங்க போல. இன்னா கத்து கத்தறாங்க பாரு. இன்னா பாஷயோ."

"அப்படியா" என்றேன்.

தண்ணி முழுக்க இறங்கும்வரை நின்றேன். பிறகு ஓஸ் பைப்பைச் சுருட்டினேன்.